அறத்தின் தடம் – 14: சிறுவயல் தந்த அடைக்கலம்

சென்ற இதழில் ஏதென்ஸ் நகரத்துச் சிறையில் சாக்ரடீஸைப் பார்த்தோம். தப்பிப்போக நண்பர்கள் வழி செய்து வைத்திருந்தும், தன்னை வளர்த்த நகரத்தின் சட்டத்தை மீற மாட்டேன் என்று சொல்லி, கி.மு. 399இல் அவர் நஞ்சை வாங்கிக் குடித்தார். தான் எடுத்த முடிவுக்கு அவரே தன் உயிரை விலையாகக் கொடுத்தார். இந்த இதழில் வரும் கதை அதைவிடச் சிக்கலானது. ஒரு மனிதர் எடுத்த முடிவுக்கு ஒரு சீமையே விலை கொடுத்த கதை இது. அந்த மனிதர் பிறந்த மண் நரிக்குடிப் பக்கம்.

மானாமதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக விருதுநகர் போகும் ரயில் பாதையில் நரிக்குடி ஒரு சிறிய நிலையம். சுற்றிலும் கண்மாயையும் ஊருணியையும் நம்பிய ஊர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் நெல். தப்பினால் அந்த வருஷம் முழுக்கக் கடன். விளையாத நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்க, அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பதும் இங்கே ஒரு பிழைப்பு. இந்த வானம் பார்த்த பூமியில், ராமேஸ்வரத்துக்கு நடந்து போன யாத்ரீகர்களுக்காகச் சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் ஒரு சத்திரம் கட்டினார்கள். அவர்கள் பிறந்த முக்குளம் இதே நரிக்குடி ஒன்றியத்தில்தான் இருக்கிறது. பெரிய மருது 1748இலும் சின்ன மருது 1753இலும் பிறந்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன. தகப்பனார் உடையார் சேர்வை, தாயார் ஆனந்தாயி.

சாதி பார்த்துப் பந்தி பிரித்த சத்திரங்கள் நம் நாட்டில் உண்டு. அந்தக் குறையோடு பார்த்தாலும், சத்திரம் என்ற ஏற்பாட்டின் அடியில் ஒரு அறக்கொள்கை கிடக்கிறது. வந்தவர் நமக்கு என்ன தருவார் என்று கேட்காமல் சோறும் நிழலும் கொடுப்பது அது. சோறு கொடுக்கிற வரைக்கும் இதில் சிக்கல் இல்லை. வந்தவரைத் துரத்திக்கொண்டு ஒரு படை வருகிறதென்றால் என்ன செய்வது? 1801ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் சின்ன மருதுவின் முன் வந்து நின்ற கேள்வி அதுதான்.

அம்மை என்று சொன்ன தாய்

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கிழக்கிந்தியக் கும்பினியார் தூக்கிலிட்டார்கள். அவர் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். தரைமட்டமாகக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் மண்ணால் திரும்ப எழுப்பினார்கள். அதைப் பிடிக்கக் கும்பினிக்கு மே 24 வரை ஆனது. கோட்டை விழுந்த அன்று ஊமைத்துரை காயம்பட்டு விழுந்தார்.

அப்போது கும்பினிப் படையில் இருந்த இளம் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், பிற்காலத்தில் 1830இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். போர் முடிந்த களத்தில் ஒரு தாய் தன் மகனைத் தேடிக்கொண்டு வந்தாள். மகன் குற்றுயிராகக் கிடந்தான். தன்னை விட்டுவிடும்படியும், பக்கத்தில் காயத்தோடு கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படியும் அவன் தாயிடம் சொன்னான். சாமி என்றது ஊமைத்துரையை. அவள் ஆட்களை வைத்து ஊமைத்துரையை வீட்டுக்குத் தூக்கிச் சென்றாள். கும்பினிக்குத் துணை நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தபோது அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துப்போனான் என்று சொல்லிப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அம்மைக்குப் பயந்து வந்தவர்கள் விலகி ஓடினார்கள்.

பிழைத்த ஊமைத்துரை தன் ஆட்களோடு கமுதிப் பக்கம் வந்து சேர்ந்தார். மருது சகோதரர்கள் அவரை வரவேற்றுச் சிறுவயலுக்கு அழைத்துப் போனார்கள். சிறுவயல் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். சின்ன மருதுவின் அரண்மனை அங்கேதான் இருந்தது. ஊமைத்துரையை ஒப்படைக்கும்படி கும்பினி கேட்டது. சின்ன மருது மறுத்தார். அந்த மறுப்பிலிருந்து தொடங்கிய போர் ஐந்து மாதத்தில் சிவகங்கைச் சீமையைக் கும்பினியின் காலடியில் கொண்டுபோய்ப் போட்டது.

சின்ன மருது செய்தது சரியா? இந்தக் கேள்விக்கு நம்மூர் மேடைகளில் இருநூறு ஆண்டுகளாக ஒரே பதில்தான். அந்தப் பதில் சரியானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எதனால் சரி என்று யோசிக்காமல் சொல்லும் பதில் வெறும் பழக்கமாகிவிடும். அதே காலத்தில் ஐரோப்பாவில் இரண்டு பேர், சரியான செயல் எது என்பதை அளக்க இரண்டு அளவுகோல்களைச் செய்துகொண்டிருந்தார்கள். இருவரும் சிறுவயலின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அல்ல. ஆனால் சிறுவயலின் கேள்வி அவர்களுடைய கேள்வியும்தான்.

விளைவை எண்ணுகிறவர்

ஜெரமி பெந்தாம் லண்டனில் 1748இல் பிறந்தவர். பெரிய மருதுவும் அதே ஆண்டில் பிறந்தவர். 1789இல் வெளிவந்த அவருடைய நூல் ஒழுக்கத்துக்கும் சட்டத்துக்கும் ஒரே அடிப்படையைச் சொன்னது. ஒரு செயலால் உண்டாகும் இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்துப் பார். எதனால் அதிகப் பேருக்கு அதிக நன்மையோ அதுவே சரியான செயல். இன்பதுன்பத்தை அளக்க அவர் ஏழு அம்சங்களைக் கொடுத்தார். எவ்வளவு கடுமை, எவ்வளவு காலம், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு அருகில், அதிலிருந்து இன்னும் என்ன விளையும், எதிர்மாறானது எவ்வளவு கலந்திருக்கிறது, எத்தனை பேரைத் தொடும் என்று வரிசையாகக் கேட்கச் சொன்னார்.

இந்தக் கணக்கில் சிறுவயல் தேறுமா? ஒரு தட்டில் ஊமைத்துரையும் அவரோடு வந்தவர்களும். மறு தட்டில் சிவகங்கைச் சீமை முழுவதும். கும்பினியிடம் பீரங்கி இருந்தது, பணம் இருந்தது, தோற்ற இடத்துக்கு மறுபடி படை அனுப்பும் வசதி இருந்தது. இதெல்லாம் சின்ன மருதுவுக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்துக் கூட்டல் கழித்தலை மட்டும் பார்த்தால், ஊமைத்துரையை ஒப்படைத்துவிட்டுச் சீமையைக் காப்பாற்றிக்கொள்வதே சரி என்று வரும்.

பெந்தாம் வழியில் வந்தவர்களே இதற்கு ஒரு மறுப்பும் வைத்திருக்கிறார்கள். தனித்தனிச் செயலை எண்ணாதே, எந்த வழக்கம் நிலைத்தால் எல்லாருக்கும் நன்மை என்று எண்ணு என்பார்கள் அவர்கள். கும்பினி ஒவ்வொரு பாளையமாகத் தனியே பிரித்து, அடுத்த பாளையத்துக்காரரைக் கொண்டே அடித்து வீழ்த்தியது. தஞ்சம் என்று வந்தவரை ஒப்படைப்பது வழக்கமாகிவிட்டால் நாளை யாருக்கும் ஒதுங்க இடம் இருக்காது. இப்படி எண்ணினால் அதே அளவுகோல் சின்ன மருதுவின் பக்கம் சாய்கிறது. ஒரே அளவுகோல் எதிரெதிரான இரண்டு தீர்ப்பு தருவதைக் கவனியுங்கள். எத்தனை காலத்துக்கு எண்ணுவது, யார் யாரைச் சேர்த்து எண்ணுவது என்பதை அந்தக் கணக்கே நமக்குச் சொல்லித் தராது.

பெந்தாமின் சீடர் ஜேம்ஸ் மில் 1819இலும், அவர் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில் 1823இலும் கிழக்கிந்தியக் கும்பினியின் லண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மகன் 1858 வரை அங்கேயே இருந்தார். விளைவை எண்ணும் இந்தப் பயன்வாதம் பற்றி உலகம் இன்றும் படிக்கிற நூலை எழுதிய அந்த மகன், வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தியாவுக்கான கும்பினிக் கடிதங்களை எழுதுவதில் கழித்தார். ஆளப்படுகிறவர்களின் நன்மையை ஆளுகிறவர்களே எண்ணிச் சொல்லும் இடத்தில் அந்த அளவுகோல் எப்படி வளையும் என்பதற்கு நம் நாட்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டே சாட்சி.

கடமையைக் கேட்கிறவர்

இன்னொருவர் இம்மானுவேல் காண்ட். பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர். விளைவு நம் கையில் இல்லை, நோக்கம் நம் கையில் இருக்கிறது என்பது அவர் கட்சி. 1785இல் எழுதிய நூலில் அவர் இரண்டு சோதனைகளைச் சொன்னார். நீ எந்த விதிப்படி நடக்கிறாயோ அது எல்லாருக்கும் பொது விதியாக வேண்டும் என்று உன்னால் விரும்ப முடிகிறதா என்று பார். மனிதரை வெறும் கருவியாக மட்டும் ஒருபோதும் பயன்படுத்தாதே.

சிறுவயல் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறுகிறது. தஞ்சம் புகுந்தவரைக் கொடுத்துத் தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்வது என்றால், அந்த மனிதரை ஒரு கிஸ்திப் பணம் போலக் கட்டித் தீர்ப்பதாகும். காண்ட் அதற்குச் சம்மதிக்க மாட்டார்.

1797இல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரையைப் படிக்கும்போது, பாஞ்சாலங்குறிச்சியை மனதில் வைத்தே எழுதினாரோ என்று தோன்றும். பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்ட் எழுப்பிய ஒரு கேள்விக்குப் பதிலாக வந்த கட்டுரை அது. ஒரு கொலைகாரன் உன் நண்பனைத் துரத்திக்கொண்டு வருகிறான். நண்பன் உன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான். உள்ளே இருக்கிறானா என்று உன் வாசலில் நின்று கேட்கிறான் கொலைகாரன். நீ பொய் சொல்லலாமா? கூடாது என்றார் காண்ட். பொய் சொல்லும் உரிமை யாருக்கும் எந்த நேரத்திலும் இல்லை என்பது அவர் தீர்ப்பு.

இது அச்சேறி நான்கு ஆண்டுகள் கழித்து, பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊரில் அந்தத் தாய் அதே வாசலில் நின்றாள். அவள் பொய் சொன்னாள். காண்டின் தீர்ப்புப்படி அவள் செய்தது தவறு. நம் மண்ணில் அந்தத் தீர்ப்பை ஏற்பவர் ஒருவரும் இருக்க மாட்டார். இதில் நமக்கு நம் மரபின் துணையும் இருக்கிறது. திருக்குறளின் வாய்மை அதிகாரம், ஒருவருக்கும் தீமை செய்யாத சொல்லையே வாய்மை என்று வகுக்கிறது. மாசில்லாத நன்மை விளையும் இடத்தில் பொய்க்கும் அந்தத் தகுதியைக் கொடுக்கிறது. வள்ளுவர் விளைவை மட்டும் எண்ணுகிறவர் அல்ல. எல்லா நன்மைக்கும் பொய் சொல்லலாம் என்று அவர் சொல்லவில்லை. அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டுகிறார். பெந்தாமும் காண்டும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்ததை அவர் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டிவிட்டார். அந்தத் தாய் குறள் படித்தவளோ இல்லையோ, குறள் எந்த மண்ணிலிருந்து பிறந்ததோ அந்த மண்ணில் பிறந்தவள்.

காண்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் பொய்யைத்தான் தடுத்தார். நண்பனைப் பிடித்துக் கொடு என்று சொல்லவில்லை. வாசலை அடைத்து மறுத்து நிற்பதற்கு அவர் அறத்தில் இடம் உண்டு. சின்ன மருது அதைத்தான் செய்தார். ஊமைத்துரை இங்கே இல்லை என்று அவர் ஒளிக்கவில்லை. இருக்கிறார், கொடுக்க மாட்டேன் என்று நின்றார். கையில் படை இருந்தவருக்கு அந்த வழி திறந்திருந்தது. தாய்க்கு இருந்தது ஒரு துணியும் ஒப்பாரியும் மட்டும். வலியவர் உண்மை சொல்லிக் காப்பாற்ற முடிந்த இடத்தில், எளியவர் பொய் சொல்லித்தான் காப்பாற்ற முடிந்தது. இந்த வேறுபாட்டை எண்ணாத அறக்கொள்கை எதுவும் ஏழைகளுக்குப் பயன்படாது.

மனிதரைப் பார்க்கிறவர்

விளைவையும் விதியையும் விட்டுவிட்டு, செய்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று கேட்கிற மூன்றாவது வழி ஒன்று உண்டு. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் வகுத்தது. வீரம், ஈகை, நேர்மை இவையெல்லாம் ஒரு நாளில் வருவதில்லை. செய்து செய்து பழகி வருபவை என்றார் அவர். கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் நடுவில் இருப்பது வீரம். கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவில் இருப்பது ஈகை.

சின்ன மருதுவின் குணத்துக்கு நமக்குக் கிடைக்கிற சாட்சி எதிரிப் படையிலிருந்து வருகிறது. போருக்குச் சில ஆண்டுகள் முன்பு வெல்ஷ் அவரோடு பழகியிருக்கிறார். சிறுவயல் அரண்மனை காவல் இல்லாமல் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் போகலாம் வரலாம் என்று எழுதுகிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான் என்கிறார். பெரிய மருது வேட்டையில் பெரும் பிரியம் கொண்டவர், உடல் வலிமை மிக்கவர் என்றும் குறித்திருக்கிறார்.

காவல் இல்லாத வாசல், வழிப்போக்கருக்குச் சத்திரம், தஞ்சம் என்று வந்தவருக்கு இடம். மூன்றும் ஒரே பழக்கத்தின் மூன்று நிலைகள். நரிக்குடிச் சத்திரத்தை வெறும் கட்டடத் திருப்பணி என்று பார்த்தால் இது புலப்படாது. அன்றாடம் அந்நியருக்குச் சோறிட்டுப் பழகிய கைக்கு, ஆபத்து வந்த நாளில் கதவைச் சாத்த வராது.

இதற்கு முன்னால் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர், ஆற்காட்டு நவாபும் கும்பினியும் நடத்திய தாக்குதலில் கொல்லப்பட்டார். அரசி வேலுநாச்சியாரும் மருது சகோதரர்களும் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் கோபால நாயக்கரிடம் தஞ்சம் புகுந்தார்கள். ஹைதர் அலி ஆதரவு கொடுத்தார். எட்டு ஆண்டுகள் அப்படி இருந்து, 1780இல்தான் சீமையை மீட்டார்கள். அன்று யாராவது அவர்களைப் பிடித்துக் கொடுத்திருந்தால் சிவகங்கையின் வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். வள்ளுவர் அறத்துப்பாலின் பதினோராம் அதிகாரத்தை நன்றிக்கு ஒதுக்கி, நன்றியைக் கொன்றவருக்கு மட்டும் மீட்சியே இல்லை என்று தீர்த்துச் சொன்னார். வாங்கிய அடைக்கலத்தைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கட்ட முடியாது. அடுத்து வருகிறவருக்குத்தான் கட்ட முடியும்.

பிரிட்டிஷ் மெய்யியலாளர்களில் இதைப் புரிந்துகொண்டவர் டபிள்யூ. டி. ராஸ். 1930இல் வந்த தன் நூலில், அறம் ஒரே விதியில் அடங்காது என்றார். வாக்குக் காப்பது, நன்றி காட்டுவது, செய்த தீங்குக்கு ஈடு செய்வது, பிறருக்குத் தீங்கு செய்யாமல் இருப்பது எல்லாம் தனித்தனிக் கடமைகள். அவை ஒன்றோடொன்று மோதும்போது, அந்த இடத்தில் எது கனமானது என்று மனிதர்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். சிறுவயலில் நன்றியும் அடைக்கலமும் ஒரு பக்கம் நின்றன. தன் குடிகளுக்குத் தீங்கு வராமல் காப்பது எதிர்ப்பக்கம் நின்றது.

விலை யார் தலையில்

நம் முன்னோர் அடைக்கல அறத்துக்குச் சொல்லும் முதல் கதை சிபிச் சக்கரவர்த்தியின் கதை. பருந்துக்குப் பயந்து வந்த புறாவை அவன் விட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் பருந்தின் பசியையும் அவன் மறுக்கவில்லை. தன் தசையை அறுத்துத் தராசில் வைத்தான். சோழர்கள் அவனைத் தங்கள் குல முதல்வனாகக் கொண்டார்கள். அந்தக் கதையின் உயிர் அந்தத் தராசில் இருக்கிறது. அடைக்கலம் கொடுத்தவனே அதன் விலையையும் கொடுத்தான்.

சிறுவயலில் விலையைக் கொடுத்தவர்கள் யார்? 1801 ஜூன் 16 அன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. ஜம்புத் தீபகற்பத்து மக்கள் எல்லாரையும், சாதி மத வேறுபாடு பார்க்காமல், கும்பினிப் படையில் இருந்த நம்மவரையும் சேர்த்து அழைத்த அறிக்கை அது. நமக்குள் ஒற்றுமை இல்லாததால்தான் அந்நியன் ஆளுகிறான் என்று அது சுட்டியது. ஐரோப்பியரைக் கண்ட இடத்தில் அழிக்கும்படியும் சொன்னது. முதல் பகுதியை எல்லா மனிதருக்கும் பொது விதியாக்கலாம். இரண்டாம் பகுதியை ஆக்க முடியாது. அதைச் சொல்லாமல் விட்டால் நாம் வரலாறு எழுதவில்லை, புகழ் பாடுகிறோம். கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கிளர்ச்சிக்குப் பின்னால் திண்டுக்கல் முதல் மலபார் வரை நீண்ட ஒரு கூட்டமைப்பு இருந்ததைக் காட்டுகிறது. ஆகவே சிறுவயல் அடைக்கலத்தில் அரசியல் நோக்கமும் கலந்திருந்தது. நோக்கம் கலந்திருப்பதால் செயல் கெட்டுவிடாது. ஆனால் அதைத் தூய கருணை என்று மட்டும் சொல்வதும் சரியல்ல.

ஜூலைக் கடைசியில் கர்னல் அக்னியூவின் படை நெருங்கியபோது சிறுவயல் எரிந்தது; எதிரி கையில் கிடைக்கக் கூடாது என்று மருதுவின் ஆட்களே தீ வைத்தார்கள். காளையார்கோவில் காட்டை வெட்டி வழி செய்யக் கும்பினிப் படை ஒரு மாதம் போராடித் தோற்றுத் திரும்பியது. செப்டம்பரில் சோழபுரத்தில் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்து மக்களைப் பிரித்தார்கள். அக்டோபர் 1இல் காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களோடு தூக்கிலேறியவர்கள் ஐந்நூறுக்கும் மேல் என்று மக்கள் வழக்கு சொல்கிறது. நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். ஒரு காலத்தில் அடைக்கலம் கொடுத்த விருப்பாச்சிக் கோபால நாயக்கரும் அதே ஆண்டு தூக்கு மேடை ஏறினார். 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் ஒருவர் சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி. அப்போது அவர் பதின்வயதுப் பையன்.

இத்தனைக்கும் பிறகும் மக்கள் சின்ன மருதுவைக் குற்றம் சொல்லவில்லை. அதற்கான காரணத்தை அவர்கள் ஒரு கதையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மருது சகோதரர்கள் சரணடையாவிட்டால் காளையார்கோவில் கோபுரத்தைப் பீரங்கியால் தகர்ப்போம் என்று கும்பினியார் மிரட்டினார்கள். கோபுரத்தைக் காப்பாற்ற அண்ணனும் தம்பியும் தாங்களே வந்து பிடி கொடுத்தார்கள் என்பது அந்தக் கதை. வெல்ஷின் குறிப்பு வேறு மாதிரி இருக்கிறது. சின்ன மருதுவைக் காட்டில் வேட்டையாடிப் பிடித்தார்கள். தொடை எலும்பு முறிந்த நிலையில் பார்த்தேன் என்கிறார் அவர்.

இரண்டில் நடந்த நிகழ்ச்சிக்கு நான் வெல்ஷைத்தான் நம்புவேன். ஆனால் மக்களின் கதையைத் தள்ளிவிட மாட்டேன். அது அவர்கள் எழுதிய அறத் தீர்ப்பு. அடைக்கலம் கொடுத்தவர், விலை கேட்கப்பட்ட நாளில் தன் உடலைத் தராசில் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. மருது சகோதரர்கள் அப்படி வைத்தார்கள் என்று நம்பியதால்தான் தங்கள் இழப்பையும் அவர்கள் பொறுத்தார்கள். இன்றும் மருது சகோதரர்களின் குருபூசை நாளான அக்டோபர் 27 அன்று காளையார்கோவிலில் கூட்டம் கூடுவது அந்த நம்பிக்கையால்.

கொடுத்தவரும் காவல் நின்றவரும்

எதிர்ப்பக்கத்து முடிவுகளையும் எடைபோட வேண்டும். 1799இல் புதுக்கோட்டைத் தொண்டைமான், தன் எல்லைக்குள் வந்த கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தார். கும்பினியோடு அவருக்கு முன்பே உறவு இருந்தது. தன் வாக்குக்கு உண்மையாக நடந்தேன் என்று அவர் சொல்ல இடமுண்டு. விளைவும் அவர் பக்கம் நின்றது. சிவகங்கை ஜமீனாகச் சுருங்கியபோது, புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும் வரை தனி அரசாக நீடித்தது. அங்கே ஊர்கள் எரியவில்லை. விளைவைத் தவிர வேறொன்றும் பார்க்க மாட்டேன் என்கிறவர் தொண்டைமானுக்குத்தான் மாலை போட வேண்டும். அதற்கு நம் மனம் இடம் தராததே, விளைவு மட்டும் அறமாகாது என்பதற்குச் சான்று.

வெல்ஷும் ஒரு முடிவு எடுத்தவர்தான். வளரி வீசக் கற்றுக்கொடுத்தவரையே வேட்டையாடிய படையில் அவர் இருந்தார். நாடு கடத்தப்படக் காத்திருந்தவர்களைத் தூத்துக்குடியில் காவல் காத்தபோது துரைசாமிக்குத் தன்னால் இயன்ற சிறு சலுகை காட்டினார். 1818இல் பினாங்கில், வயதுக்கு மீறி மூப்படைந்த ஒருவர் அவரைத் தேடி வந்தார். அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னபோதுதான் அது துரைசாமி என்று தெரிந்தது. அந்தச் சந்திப்பு தன் நெஞ்சைத் தைத்ததை வெல்ஷ் மறைக்காமல் எழுதியிருக்கிறார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததால் அவருக்குப் பழி வரவில்லை. பதவி உயர்வு வந்தது. ஆனால் கடமையைச் செய்தேன் என்ற ஒரு பதில் அவருக்கே போதவில்லை. நல்ல மனம் படைத்த ஒருவர் கெட்ட ஏற்பாட்டுக்குள் நேர்மையாக வேலை பார்த்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு அவர் புத்தகம் பாடம்.

நமக்கு வந்த கேள்வி

அடைக்கலம் இன்று சர்வதேசச் சட்டமாகியிருக்கிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆனாலும் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்களுக்குத் தமிழ்நாடு இடம் கொடுத்தது. ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபத்தில் முகாம். விருதுநகர் மாவட்டத்திலும் குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு போன்ற இடங்களில் முகாம்கள். 2021இல் அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றியது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்கள் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்த சில மதத்தினருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் இருந்ததில் நாம் சின்ன மருதுவின் வழியில் நின்றோம். ஆனால் நாற்பது ஆண்டுக்கும் மேலாகச் சிறு அறைகளில் வைத்திருந்து, காவல் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, வேலைக்கும் படிப்புக்கும் தடைகளை வைத்துக்கொண்டிருப்பதில், அடைக்கலத்தின் விலையை அடைக்கலம் கேட்டவர் தலையிலேயே ஏற்றினோம். சிபி அப்படிச் செய்யவில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 1801இல் சிறுவயல் செய்தது சரி. தேடி வந்தவரைக் கைவிடாத பழக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது. தாங்கள் பெற்ற அடைக்கலத்தை அவர்கள் மறக்கவில்லை. விலை கேட்கப்பட்ட நாளில் தங்கள் உயிரை ஒளித்து வைக்கவில்லை. பெந்தாமின் எண்ணிக்கை நம்மை அவசரப்படாமல் தடுக்க உதவும். காண்டின் விதி மனிதரைப் பண்டமாக்காமல் தடுக்கும். அரிஸ்டாட்டில், அன்றாடப் பழக்கத்தில் கவனம் வைக்கச் சொல்வார். மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள், முடிவில் விலையை யார் கொடுக்கிறார் என்று ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள். நம் மாவட்டத்து முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டுக் குரல் கொடுக்க வேண்டியவர்கள், மருது பாண்டியர் பெயரை ஊருக்கு ஊர் எழுதி வைத்திருக்கிற நாம்தான்.

அடுத்த இதழில், கும்பினி அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்துக்கொண்டே மனித சுதந்திரம் பற்றி எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில்லைச் சந்திப்போம்.

(தொடரும்)